மூளைப் படமும் அதற்கு எழுதும் உரையும்

மருத்துவச் செய்திகளைத் தமிழில் எழுதுவோர் தொகை நம் நாட்டில் பெருகி வருகின்றது. இது மகிழ்தற்குரியது. ஞாயிற்றுக்கிழமை இதழ்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் மூளை நோய்களைப் பற்றிய கட்டுரைகளை இன்று மிகுதியாகக் காண்கிறோம். அவற்றுள் பல, சி.டி. படம், எம்.ஆர்.ஐ. படம் என்னும் இரண்டையும் வானளாவப் புகழ்கின்றன. மண்டையைத் திறவாமலே உள்ளிருப்பதை உள்ளவாறு காட்டும் கண்ணாடி என்கின்றன. “படம் பொய் சொல்லாது” என்று முடிக்கின்றன. இக் கூற்று எத்துணை அளவிற்கு மெய் என்று ஆராய்வதும், மூளைப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதும் முறையில் உள்ள குறை நிறைகளை எடுத்துக்காட்டுவதும் இக் கட்டுரையின் நோக்கம்.

இது வீண் ஆராய்ச்சியன்று. சிம்பாங் அம்பாட்டிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர்க்கு மூளைப் படம் வேண்டுமாயின் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். படத்தோடு வரும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவர் இரண்டு சொற்களில் சொல்லி அனுப்பியதை முழுவதும் அறிய விரும்புவோர், “இதுல என்னா எழுதியிருக்கு வாத்தியாரே?” என்று ஊர்த் தமிழாசிரியரைத் தேடி வருவதுண்டு. அவ்வேளையில் ஆசிரியர் வாயிலிருந்து வரும் தமிழ்ச்சொல் ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கவும் கூடும், காக்கவும் கூடும்.

படம் என்பது என்ன?

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சி.டி. படம் ஒளிப்படம் அன்று; அது ஒரு கணக்கின் விடை. எக்ஸ்ரே கதிர்களைத் தலையின் பல கோணங்களிலும் செலுத்தி, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டது என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து தலையின் ஒவ்வொரு சிறு கட்டத்திற்கும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அவ்வெண்ணைச் சாம்பல் நிறமாக மாற்றிக் காட்டுகின்றனர். இங்கிலாந்தில் காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டு ஆக்கிய இப் பொறி, 1971 அக்டோபர் முதல் நாளன்று விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகக் காட்டியது. அன்றைய படத்தில் நெடுக்கே 80, குறுக்கே 80 ஆக 6,400 கட்டங்களே இருந்தன. அதே 1971இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் இத்தகைய கணக்கை எளிதில் முடிக்கும் வழியொன்றை வெளியிட்டனர். அவ்விருவர் பெயரையும் சேர்த்து வழங்கும் அம்முறை பின்னர் உலகெங்கும் பயன்பட்டது. தமிழ்நாட்டோடு தொடர்புடைய இச்செய்தியை நம் பாடநூல்கள் சொல்லாதது வருந்தத்தக்கது.

இக் கணக்கில் நீருக்கு எண் 0, காற்றுக்கு –1000. எலும்பு பல நூறைத் தாண்டும். அப்போதுதான் கசிந்து உறைந்த குருதி ஏறத்தாழ 50 முதல் 80 வரை நிற்கும். ஆகவே வெள்ளையாகத் தெரியும். குருதியோட்டம் நின்று இறந்த மூளைப் பகுதி நீர் கோத்து எண் குறையும், ஆகவே கருக்கும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை நிறம் பிரித்துக் காட்டுவது என்பதைப் படம் பார்ப்பவரே முடிவு செய்கிறார். எலும்புக்கென்று வைத்த எல்லையில் மூளையின் கசிவு மறைந்துவிடும். மூளைக்கென்று வைத்த எல்லையில் எலும்பின் விரிசல் மறைந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் எக்ஸ்ரேக்கு இடமில்லை. உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப் புலத்தில் ஒழுங்குபடுத்தி, வானொலி அலையால் தட்டியெழுப்பி, அவை மீளும்போது தரும் குறிப்பை வாங்குகின்றனர். 1973இல் பால் லாட்டர்பர் இம்முறையில் படம் அமைக்கலாம் எனக் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதில் ஒருவகைப் படத்தில் நீர் கருப்பு. மற்றொரு வகையில் நீர் வெள்ளை. மூன்றாவது வகையில் மூளையைச் சூழ்ந்த நீரை மட்டும் கருப்பாக்கி, நோயுற்ற இடத்தின் நீரை வெள்ளையாகவே விடுவர். அங்ஙனமாயின், “வெள்ளையாகத் தெரிவது நோய்” என்று பொதுவாக எழுதும் கட்டுரை வழுவுடையதே அன்றோ?

சங்கப் பாட்டுக்குத் திணையும் துறையும் கூற்றும் எத்தகையனவோ, மூளைப் படத்திற்கு நோயாளியின் அகவையும் தொழிலும் நோய் தொடங்கிய நாளும் அத்தகையன. கூற்று யாருடையது என்று அறியாமல் பொருள் சொல்லப் புகுவோன் தலைவியின் துயரைத் தோழியின் துயராக்கி விடுவான். குறிப்புகள் இன்றித் தனியே வந்த படத்திற்குப் பொருள் சொல்வதும் அதனை ஒக்கும்.

வேலூர் தந்த பாடம்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய மூளை அறுவைத் துறையே இந்தியாவில் அத்துறையின் முதல் அமைப்பு. சி.டி. பொறி இந்தியாவிற்கு வந்த பின், வலிப்பு கண்டு வந்த பலருடைய மூளைப் படத்தில் சிறியதொரு வளையம், அல்லது சிறியதொரு வெண்புள்ளி தெரிந்தது. நம் நாடுகளில் காசநோய் மிகுதி. காசநோய் மூளையில் முடிச்சாகத் திரள்வதும் உண்டு. ஆகவே அப்புள்ளியைக் காசநோயின் திரள் என்றே பலரும் கொண்டனர். அதற்குரிய மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தனர். மருந்து உண்டபின் மீண்டும் படம் எடுத்தால் புள்ளி மறைந்திருந்தது. “மருந்து பலித்தது, ஆகவே காசநோயே” என்ற முடிவு உறுதிப்பட்டது.

முடிவு அழகியதே, ஆனால் அடிப்படை ஆட்டம் கண்டது. மருந்தே கொடாத சிலரிடமும் அப்புள்ளி மறைவதைக் கண்டனர். வேலூரில் மாத்யூ சாண்டியும் வேதாந்தம் இராஜசேகரும் அவர்தம் துணைவரும், படத்தின் வழிகாட்டலால் அப்புள்ளியின் இடத்தைக் குறி தப்பாது அளந்து, அங்கிருந்து சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். கண்டது என்ன? பெரும்பாலானவற்றில் காசநோய் இல்லை. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி, இறந்து, அதைச் சுற்றி உடல் எழுப்பிய அழற்சி முடிச்சே இருந்தது. அது பல திங்களில் தானே சுருங்கி மறையும் இயல்புடையது. மருந்தின் புகழ் மருந்துக்கு உரியதன்று என்பது அப்போது விளங்கிற்று.

1990களின் தொடக்கத்தில் அவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறியும் இலக்கணத்தை வகுத்தனர். அதில் படத்திற்குரிய விதிகளும் உண்டு. நோயாளிக்குரிய விதிகளும் உண்டு. முடிச்சு ஒன்றே ஆதல் வேண்டும். அதன் அளவு 20 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மூளையின் நடுக்கோட்டை ஒருபுறம் தள்ளும் அளவிற்குச் சுற்றிலும் வீக்கம் இருத்தலாகாது. இவை படத்தின் விதிகள். வலிப்பு மட்டுமே இருத்தல் வேண்டும். நாளுக்கு நாள் பெருகும் கைகால் வலுவிழப்பு இருத்தலாகாது. மண்டைக்குள் அழுத்தம் மிகுந்ததற்கான அறிகுறி நிலைத்திருத்தலாகாது. உடலில் வேறிடத்தில் காசநோய் போன்ற நோய் இருத்தலாகாது. இவை நோயாளியின் விதிகள். பின்னவற்றை விட்டு முன்னவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இவ்விலக்கணத்திற்கு உடன்பாடன்று. காசநோய்த் திரளைப் புழு முடிச்சென விட்டுவிடுதலும் பெருந்தீங்கு என்பதாலேயே இத்துணை வரம்புகளை அமைத்தனர்.

இனி, இந்நோயைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதைப் பார்ப்போம். “மூளையில் கட்டி” என்ற ஒரு சொற்றொடரே எங்கும் ஆட்சி செய்கின்றது. புற்றாக வளரும் கழலையும் கட்டி. சீழ் கோத்ததும் கட்டி. காசநோய்த் திரளும் கட்டி. தானே மறையும் புழு முடிச்சும் கட்டி! மருத்துவர் ஆறு பெயர் வைத்து வேறுபடுத்தியதை நாம் ஒரே பெயருள் அடைத்துவிடுகிறோம். மகனுக்குக் “கட்டி” என்று கேட்ட தாய், அவன் பிழைப்பானோ என்று ஏங்குவாள். “புழுவின் முடிச்சு, மருத்துவர் சொன்ன வலிப்பு மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள், சொன்ன நாளில் மறுபடம் எடுங்கள்” என்று கேட்ட தாய் செய்யவேண்டியதைச் செய்வாள். கழலை, சீழ்க்கட்டி, நீர்ப்பை, அழற்சி முடிச்சு எனப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா? உண்டு. எடுத்தாள்வார்தாம் இல்லை.

இன்னொரு தவறும் இங்கே களையத்தக்கது. “பன்றியிறைச்சி உண்பாருக்கே இது வரும்” என்று எழுதுகின்றனர். நன்கு வேகாத இறைச்சியிலிருந்து குடலில் நாடாப்புழு வளரும் என்பது மெய். ஆனால் மூளைக்குச் செல்வது வேறு வழி. நாடாப்புழு உடையவரின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள், கழுவாத கையாலும் கீரையாலும் நீராலும் இன்னொருவர் வாயிற் புகுந்தால், அவருடைய மூளையிலும் தங்கக்கூடும். ஆகவே மரக்கறி உணவினரும் இதற்கு விலக்கல்லர். “காக்காய் வலிப்பு” என்ற இழிபெயரையும் இத்தகைய கட்டுரைகளில் இன்னும் காண்கிறோம். இரும்பைக் கையில் கொடுத்தால் தீரும் என்ற மடமைக்கு அப்பெயரும் ஒரு துணை. வலிப்பு என்ற சொல்லே போதுமானது.

நம் நாட்டில் நிகழ்ந்தது

இரண்டாவது சான்று நம் வாயிலிலேயே உள்ளது. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சார்ந்த பன்றிப் பண்ணைப் பகுதிகளில் காய்ச்சலும் தலைவலியும் கண்டு நினைவிழந்து பலர் வீழ்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் நோய் நமக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானுக்கு வந்தது. சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய ஊர்கள் வெறிச்சோடின. சீனப் பண்ணைக்காரரும், அப்பண்ணைகளில் உழைத்த இந்தியத் தொழிலாளர் சிலரும் இந்நோய்க்கு ஆளாயினர்.

நோய்க்கு முதலில் வைத்த பெயர் ஜப்பானிய மூளை அழற்சி. அப்பெயருக்குக் காரணம் இல்லாமலில்லை. அந்நோயும் பன்றியைச் சார்ந்தது, கொசுவால் பரவுவது, நம் நாட்டில் முன்பே இருப்பது. சிலருடைய குருதிச் சோதனையும் அதற்கு ஒத்திருந்தது. ஆகவே கொசுவுக்குப் புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ அடங்கவில்லை. பெயரோடு பொருந்தாத உண்மைகள் பல கண்முன் நின்றன. ஜப்பானிய அழற்சி சிறுவரைத் தாக்குவது. இதுவோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவரைத் தாக்கிற்று. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இந்நோயோ ஒரே வீட்டில் பண்ணைக்குப் போனவரையே பிடித்தது. தடுப்பூசி போட்டவரும் வீழ்ந்தனர். பன்றிகளும் இருமி மடிந்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கோ பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரசைப் பிரித்து வளர்த்தார். அது புதியது என்று அமெரிக்க ஆய்வகத்தில் உறுதியாயிற்று. சுங்கை நிப்பா ஊரின் பெயரே அதற்கு அமைந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. சிங்கப்பூரிலும் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற, ஒருவர் இறந்தார்.

இனி மூளைப் படம் இதில் என் செய்தது என்று காண்போம். சி.டி. படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் வெண்பொருட் பகுதியில், 2 முதல் 7 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு புள்ளிகள் அரிசி தூவினாற்போல் தனித்தனியே தெரிந்தன. ஜப்பானிய அழற்சியிலோ, மூளையின் நடுவே இருபுறமும் அமைந்த தலாமசு என்னும் பகுதியே சிறப்பாகத் தாக்குறும். ஆகவே இரு படங்களும் இரு வேறு நோயைக் காட்டின.

ஆனால் அப்புள்ளிகளின் பொருளைப் படமே சொன்னதா? இல்லை. இறந்தோரின் மூளையை ஆராய்ந்தபோது, நுண்ணிய குருதிக் குழாய்கள் அழற்சியுற்று அடைபட்டு, அவற்றால் ஊட்டம் பெற்ற சிறுசிறு இடங்கள் இறந்துபட்டிருந்தன. அதன்பின்னரே படத்தின் புள்ளிக்கு இதுவே பொருளென்று விளங்கிற்று. மூலத்திற்கு உரை வெளியிலிருந்து வந்தது. மேலும், பன்றியோடு பழகி நோய்க்குறி ஒன்றும் இல்லாதிருந்த சிலருடைய படத்திலும் அத்தகைய புள்ளிகள் தெரிந்தன. குணமடைந்து சென்றோருள் சிலர்க்குத் திங்கள்கள், ஆண்டுகள் கழித்து நோய் மீண்டபோது, படம் முன்போல் இல்லை. மூளையின் புறணியில் திட்டுத் திட்டாய்ப் படர்ந்திருந்தது. ஒரே நோய், படங்கள் வேறு. நோயற்றவர் போன்றவரிடமும் படம் உண்டு. “படம் பொய் சொல்லாது” என்பார் இவற்றிற்கு என்ன விடை கூறுவர்? படம் பொய் சொல்வதில்லை. மெய்யும் தானாகச் சொல்வதில்லை. கேட்கத் தெரிந்தவர்க்கே அது சொல்லும்.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் அன்று படுக்கையருகே நின்று குறித்தவை வேறு சில: தசை திடீர் திடீரெனத் துடித்தல், தட்டினால் எழும் அனிச்சை அசைவு அற்றுப்போதல், குருதி அழுத்தமும் இதயத் துடிப்பும் மிகுதல். 2018 மே திங்களில் கேரளத்துக் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்து வீழ்ந்தபோது, இத்தகைய குறிகளைக் கண்ட மருத்துவர் விரைந்து ஐயுற்று மாதிரிகளை மணிப்பாலுக்கு அனுப்பி நிப்பா என்று உறுதி செய்தனர். நம் நாட்டில் திங்கள் பல சென்று கிடைத்த பெயர் அங்கே சின்னாளில் கிடைத்தது. எழுதிவைத்த விளக்கம் செம்மையாயிருந்தால் அது கடல் கடந்தும் உயிர் காக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தமிழ் இதழ்களோ இவையனைத்தையும் “மூளைக் காய்ச்சல்” என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. மூளையைச் சூழ்ந்த உறையின் அழற்சியும் அதுவே. மூளையின் அழற்சியும் அதுவே. கொசுவால் வருவதும் அதுவே. பன்றியால் வந்ததும் அதுவே. மக்கள் எதிலிருந்து விலக வேண்டும் என்று இச்சொல்லால் எங்ஙனம் அறிவர்? பெயர் தவறியதால் நேர்ந்த இடரைக் கண்ட நாட்டில் வாழும் நாம் இவ்வளவு நெகிழ்ச்சியாக எழுதுதல் பொருந்தாது. மூளையுறை அழற்சி, மூளை அழற்சி என்று பிரித்தெழுதுதலும், காரணம் தெரிந்தவிடத்து அதையும் உடன் சேர்த்தலும் வேண்டும்.

“ஒன்றுமில்லை” என்னும் சொல்

“ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்பது இன்று நம் வீடுகளில் வழங்கும் ஒரு தொடர். இதற்கும் உரை வேண்டும். திடீரென வாய் கோணிக் கை விழுந்தவருக்கு உடனே சி.டி. எடுக்கின்றனர். குழாய் அடைத்ததால் வந்த வாதமாயின், முதல் சில மணி நேரத்தில் படம் பெரும்பாலும் மாற்றம் காட்டாது. அங்கே “ஒன்றுமில்லை” என்பதன் பொருள் “குருதிக் கசிவு இல்லை” என்பதே. கசிவு இல்லையாயின், தக்கவர்க்கு நாலரை மணி நேரத்திற்குள் உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தலாம். கசிவு உள்ளவர்க்கு அதே மருந்து நஞ்சாகும். ஆகவே அவ்வெறுமையே ஒரு பெருஞ்செய்தி. அதை “நோயில்லை” என்று பெயர்த்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருவது எத்துணைப் பேதைமை!

மற்றொன்று முதியோரைப் பற்றியது. தோட்ட வீட்டுப் படியில் தாத்தா வழுக்கி விழுவார், தலையில் சிறு அடி, எழுந்து நடப்பார், எல்லோரும் மறந்துவிடுவர். சில வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், மறதி மிகும், பகலெல்லாம் தூங்குவார். “வயதாகிவிட்டது” என்பர். மண்டைக்கும் மூளைக்கும் இடையே பிறைவடிவில் குருதி தேங்குவதாலும் இந்நிலை வரலாம். புதிய குருதி சி.டி. படத்தில் வெள்ளை; பல வாரம் சென்றால் கருப்பு; இடையில், இரண்டு மூன்று வார அளவில், மூளையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகிவிடும். இருபுறமும் ஒப்பத் தேங்கினால் நடுக்கோடும் விலகாது. ஊன்றிப் பாராத கண் அதைக் கடந்து போகும். தாத்தா விழுந்ததை யாரேனும் மருத்துவரிடம் சொன்னால் அக்கண் நின்று தேடும். மண்டையில் சிறு துளையிட்டு அக்குருதியை வடித்துவிட்டால் பலர் பழைய நிலைக்குத் திரும்புவர். சொல்லாமல் விட்ட ஒரு செய்திக்காக ஒருவர் தம் கடைசிக் காலத்தை அறிவு மழுங்கிக் கழிப்பதா?

கலைச்சொல் பற்றி

பொறியின் பெயரைத் தமிழாக்குவதில் நம்மவர் காட்டும் ஊக்கம் பெரிது. எம்.ஆர்.ஐ. என்பதைக் காந்த அதிர்வு அலை வரைவு என்பாரும், காந்த ஒத்ததிர்வுப் படம் என்பாரும் உளர். முன்னது, காந்தம் அதிர்வதாகவும் அலையை வரைவதாகவும் பொருள் தருகின்றது, நிகழ்வது அதுவன்று. அலையோடு ஒத்து அதிர்வது அணுக்கரு. ஆகவே ஒத்ததிர்வு என்ற பின்னதே பொருத்தம். சி.டி. படத்தைக் குறுக்குவெட்டுப் படம் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும், ஒன்றைத் துணிந்து கூறுவோம். பொறியின் பெயர் சி.டி., எம்.ஆர்.ஐ. என்றே மக்கள் வாயில் நிலைபெற்றுவிட்டது. அதனால் எவருக்கும் கேடில்லை. நோயின் பெயரில் நேரும் குழப்பத்தாலோ உயிருக்கே கேடு. நம் சொல்லாக்க முயற்சியில் பெரும்பங்கு பொறிக்குச் செல்கின்றது. நோய்க்குச் சிறுபங்கும் செல்வதில்லை. இது தலைகீழ் முறை.

“மருத்துவம் மருத்துவர் பாடு; தமிழாசிரியர்க்கு இதில் என்ன?” என்று சிலர் வினவலாம். நோயை உறுதி செய்வது மருத்துவர் பணியே. அதில் நாம் தலையிடுதல் தவறு. படத்தைக் கையில் வாங்கி நாமே பொருள் சொல்லத் துணிதல் அதனினும் பெருந்தவறு. ஆனால் மருத்துவர் சொன்னதைப் பிறழாது மக்களுக்குச் சேர்ப்பதும், மக்கள் சொல்லத் தவறியதை மருத்துவர்க்குச் சொல்லத் தூண்டுவதும் மொழி அறிந்தார் பணி. அகலக் கிடந்த சொற்களை வலிந்து கூட்டித் தம் கருத்தை நூலின்மேல் ஏற்றினார் என்று நச்சினார்க்கினியரையே குறை சொல்லும் துணிவுடையோம் நாம். அக்கூர்மையை ஒரு மூளைப் பட அறிக்கையின் தமிழாக்கத்திலும் காட்ட வேண்டாவா?

அறிக்கையோடு வருவோரிடம், எப்போது தொடங்கிற்று, என்ன தொழில், எங்கேனும் விழுந்தாரா, வீட்டில் வேறு யார்க்கேனும் உண்டா, மறுபடம் என்றைக்கு என்ற ஐந்து வினாக்களையும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுமாறு எழுதிக் கொடுக்கலாம். கட்டுரை எழுதுவோர், கட்டி என்றும் காய்ச்சல் என்றும் பொதுச்சொல்லால் கடந்து போகாமல், எவ்வகை என்று கேட்டறிந்து எழுதலாம். படத்தை வியந்தெழுதும் பத்திகளுள் ஒன்றைக் குறைத்து, அப்படம் எதைக் காட்டாது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். இத்துணையும் நம்மால் இயலும். தமிழாசிரியப் பெருமக்கள் இதனைத் தம் கடனாகக் கொள்வார்களாக.